கடைசி மணி வேலையாளின் கூலி: திராட்சைத் தோட்ட உவமையும் அன்றாட விசுவாசமும்

இயேசு சொன்னதாக நற்செய்தி நூல்கள் தரும் உவமைகளில் கேட்போரைத் தேற்றுபவை பல இருக்க, கேட்ட மாத்திரத்தில் நியாய உணர்வைச் சீண்டிவிடுபவையும் சில உள்ளன. மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் முதல் பதினாறு வசனங்களாக வரும் திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சீர்திருத்தச் சபைகளின் வழக்கில் சுவிசேஷங்கள் எனப்படும் நான்கு நற்செய்திகளுள் மத்தேயுவில் மட்டுமே இது உள்ளது. மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய மூவரும் இதைச் சொல்லவில்லை. திருச்சபையின் நெடிய வாசிப்பு மரபு இதைப் பெரும்பாலும் மறுமையைப் பற்றிய பாடமாக, அதாவது வாழ்வின் கடைசியில் மனந்திரும்புகிறவருக்கும் விண்ணரசில் இடமுண்டு என்னும் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டது. அந்த வாசிப்பு பிழையானதன்று. ஆயினும் கதையை முதலில் கூலிக் கதையாகவே படித்தால், அன்றாட விசுவாசத்தின் மிகச் சங்கடமான ஓர் இடத்தை, தனக்குரியது குறைவின்றிக் கைக்கு வந்த பிறகும் பக்கத்தில் இருப்பவர் பெற்றதைக் கண்டு மனம் கசந்துபோகும் இடத்தை, அது குறிவைத்துத் தொடுவதை அறியலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கதை எளியது. நிலக்கிழார் ஒருவர் விடியற்காலையில் சந்தைவெளிக்குச் சென்று, நாளுக்கு ஒரு தெனாரியம் என்று பேசித் தம் திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் அமர்த்துகிறார். பின்னர் மூன்றாம் மணியிலும், ஆறாம் மணியிலும், ஒன்பதாம் மணியிலும் மறுபடி மறுபடி சென்று மேலும் சிலரை அனுப்புகிறார். கதிரவன் எழுவது முதல் மறைவது வரையிலான பொழுதைப் பன்னிரண்டாகப் பகுத்த அக்காலக் கணக்கில் இவை ஏறத்தாழக் காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று என்று அமையும். இவர்களிடம் அவர் தொகை எதுவும் பேசுவதில்லை; நியாயமானதைத் தருவதாக மட்டுமே சொல்கிறார். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும் பதினோராம் மணியிலும் சந்தைவெளியில் சிலர் நிற்கக் கண்டு, ஏன் பகல் முழுதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்க, தங்களை யாரும் கூலிக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அவர்களும் தோட்டத்துக்குப் போகிறார்கள். மாலையில், கடைசியில் வந்தவர்களில் தொடங்கி முதலில் வந்தவர்கள் வரை கூலி கொடுக்கும்படி காரியக்காரருக்குக் கட்டளை பிறக்கிறது. ஒரு மணி நேரம் உழைத்தவர் கையில் முழுத் தெனாரியம் விழுகிறது. அதைப் பார்த்துக் கூடுதலாக எதிர்பார்த்து நின்ற விடியற்காலை ஆட்களுக்கும் அதே ஒரு தெனாரியம்தான். அவர்கள் முறுமுறுக்கிறார்கள். நிலக்கிழார் அவர்களுள் ஒருவரைத் தோழர் என்று விளித்து, பேசிய கூலியில் குறைவில்லையே, தாம் நல்லவராய் இருப்பதில் அவருக்கு ஏன் பொறாமை என்று கேட்கிறார். அந்த ஆள் என்ன பதில் சொன்னார் என்பது கதையில் இல்லை.

இந்தக் கதையைக் கேட்ட முதல் கூட்டத்துக்குச் சந்தைவெளியில் காத்து நிற்கும் ஆட்கள் புதியவர்கள் அல்லர். கி.மு. 4 முதல் கி.பி. 39 வரை கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா செப்போரி நகரைப் புதுப்பித்தான், கலிலேயக் கடலோரத்தில் திபேரியா என்னும் புதிய தலைநகரை எழுப்பினான். நாசரேத்து செப்போரியிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருந்த சிற்றூர். வரிச்சுமையும் கடனும் சேர்ந்து சிறு நிலவுடைமையாளர் பலரை நிலமற்ற கூலிகளாக்கின என்பது அக்காலக் கலிலேயாவை ஆய்ந்தோர் பலரின் கருத்து. அதன் அளவு குறித்து அவர்களுக்குள் வேறுபாடு உண்டென்றாலும், கடன், அடகு, குத்தகை, கூலி ஆகியவை இயேசுவின் உவமைகளில் திரும்பத் திரும்ப வருவது தற்செயலாக இருக்க முடியாது. அன்றைய வேளாண்மையில் நாள்கூலிக்கென ஓர் இடம் இருந்தது. நிலையான பணிக்கு அடிமைகளையும், அறுவடை, திராட்சைப்பழப் பறிப்பு போன்ற பருவ வேலைக்குக் கூலிக்காரரையும் வைத்துக்கொள்வது வழக்கம். கி.மு. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய உரோமரான வார்ரோ, நோய் மிகுந்த நிலங்களில் அடிமைகளைவிடக் கூலிக்காரர்களைக் கொண்டு வேலை வாங்குவதே ஆதாயம் என்று அறிவுரை கூறுகிறார். அடிமை இறந்தால் அவனை வாங்கிய பணம் போகும், கூலிக்காரர் இறந்தால் உரிமையாளருக்கு இழப்பில்லை என்ற கணக்கு அதன் அடியில் ஓடுகிறது. சட்டப்படி சுதந்திரமானவரான நாள்கூலி ஆள், நடைமுறையில் அடிமையைவிடவும் காவலற்றவராக இருந்தார்.

தெனாரியம் என்பது உரோமப் பேரரசின் வெள்ளிக்காசு. அதன் மதிப்பைச் சில ஒப்பீடுகளால் உணரலாம். கி.பி. 14-ஆம் ஆண்டில் பன்னோனியாவில் கலகம் செய்த உரோமப் படைவீரர்கள், நாளொன்றுக்குப் பத்து ஆஸ் என்றிருந்த தங்கள் ஊதியத்தை ஒரு தெனாரியமாக, அதாவது பதினாறு ஆஸாக உயர்த்தும்படி கேட்டதாக வரலாற்றாசிரியர் தாசித்து எழுதுகிறார். கத்தோலிக்கர் திருவிவிலியத்தில் ஏற்றுள்ள தோபித்து நூலில், வழித்துணையாக அமர்த்தப்படும் வானதூதருக்கு ஒரு நாளைக்குப் பேசப்படுவது, தெனாரியத்துக்கு ஏறத்தாழ இணையான கிரேக்கக் காசான ஒரு திராக்மாவும் செலவுக்கானதும் ஆகும். ஆகவே உவமையின் நிலக்கிழார் கொடுத்தது வாரி இறைத்த கொடையன்று; ஒரு நாள் உழைப்புக்கு ஊர் ஒப்பிய கூலி. வேலை கிடைக்காத நாள்களுக்கும் அந்தக் கூலியிலிருந்தே மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதைச் சேர்த்து எண்ணினால், அது அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் ஒன்று அடுத்த நாளைப் பார்ப்பதற்கான தொகை, அவ்வளவே. தெனாரியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் ஆளுக்கு அந்த இரவு எப்படிப்பட்டது என்பதைக் கதை விவரிக்கவில்லை. கேட்டவர்களுக்கு அதை விவரிக்கத் தேவையும் இருந்திருக்காது.

மாலையில் கூலி கொடுப்பதும் நிலக்கிழாரின் தனிக்குணம் அன்று, சட்டம். கூலியாளின் ஊதியத்தை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது என்று லேவியர் நூலும், அவர் ஏழை, அந்தக் கூலியையே நம்பியிருக்கிறார், ஆகையால் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூலும் விதிக்கின்றன. கூலியைப் பசியோடு சேர்த்துப் பார்க்கும் இந்தப் பார்வை உவமைக்கு முன்பே யூத மரபில் வேரூன்றியிருந்தது. பாலைநிலத்தில் பொழியப்பட்ட மன்னா என்னும் உணவைப் பற்றிய விடுதலைப் பயணக் கதையில், மிகுதியாகச் சேர்த்தவருக்கு மீதியும் இல்லை, குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையும் இல்லை. தாவீதின் படையில், களைத்துப்போய் பெசோர் ஓடையருகே மூட்டைமுடிச்சுகளைக் காத்துக் கிடந்த இருநூறு பேருக்குப் போரில் கிடைத்ததில் பங்கு தரக் கூடாது என்று போருக்குச் சென்ற நானூறு பேரில் சிலர் வாதிட, இருசாராருக்கும் சமபங்கு என்று தாவீது அதையே இசுரயேலின் நியமமாக்கியதாகச் சாமுவேல் நூல் சொல்கிறது. உழைப்பின் அளவும் பங்கின் அளவும் ஒன்றையொன்று விட்டு விலகும் தருணங்களை இயேசுவின் கேட்போர் தங்கள் மறைநூலிலேயே பார்த்திருந்தனர்.

இந்தப் பின்னணியில் கவனிக்கத்தக்க சான்று ஒன்றை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு தருகிறார். கி.பி. 62 முதல் 64 வரை யூதேயாவின் ஆளுநராக இருந்த அல்பினுவின் காலத்தில் எருசலேம் கோவிலின் கட்டுமானம் முடிவுற, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேலையாட்கள் பிழைப்பற்று நின்றதாகவும், அந்த வேலைகளில் ஒரு மணி நேரம் உழைத்தவருக்கும் உடனே கூலி கிடைத்து வந்ததாகவும் அவர் எழுதுகிறார். கோவிலின் கிழக்கு மண்டபத்தை இடித்துக் கட்டி வேலை தரும்படி மக்கள் இரண்டாம் அகிரிப்பாவிடம் கேட்டனர்; அதற்கு இசையாத அவன், நகரின் தெருக்களுக்கு வெண்கல் பாவ ஒப்புதல் அளித்தான். கோவில் கருவூலத்தில் சேர்ந்த பணத்தை உரோமர் கைப்பற்றிவிடுவார்களோ என்ற அச்சமும் அந்த வேண்டுகோளின் பின்னால் இருந்தது என்பதையும் யோசேப்பு மறைக்கவில்லை. வேலை முடிந்ததும் தெருவில் நிற்கும் ஆயிரக்கணக்கானோருக்காகவே வேலை ஒன்றைப் படைக்க வேண்டும் என்ற எண்ணம், பொதுவாகக் கி.பி. 80-களில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் மத்தேயு நற்செய்தியின் முதல் வாசகர்களுக்கு அந்நியமாக இருந்திருக்காது.

உவமையின் அச்சாணி, கூலி கொடுக்கப்படும் வரிசையில் இருக்கிறது. வழக்கப்படி முதலில் வந்தவருக்கு முதலில் கொடுத்திருந்தால், விடியற்காலை ஆட்கள் தங்கள் தெனாரியத்தை மகிழ்ச்சியோடு முடிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பின்னால் வருபவருக்கு என்ன கிடைத்தது என்பது அவர்களுக்குத் தெரியவே வந்திருக்காது. வரிசையைத் திருப்பியதால் அவர்கள் நின்று பார்க்க நேர்கிறது. பார்த்த நொடியில், காலையில் தாமே ஒப்புக்கொண்ட தொகை அவர்கள் மனத்தில் சுருங்கிவிடுகிறது. அவர்களுடைய குற்றச்சாட்டின் சொற்களும் இதற்கு இசைந்தே அமைந்துள்ளன: தங்களுக்குக் கூலி போதவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை, வெயிலில் வதங்கி நாள் முழுதும் உழைத்த தங்களோடு இவர்களைச் சமமாக்கிவிட்டீர் என்கிறார்கள். புண்பட்டது அவர்களுடைய இடம். அன்றாட வாழ்வில் விசுவாசம் சோதிக்கப்படுவது பெரும்பாலும் இத்தகைய நேரங்களில்தான் என்று கருத இடமுண்டு. பசியும் நோயும் கடவுளை நோக்கிக் கையேந்த வைக்கக்கூடும், ஆனால் அண்டை வீட்டாரின் நல்வாழ்வு ஒருவரை எளிதில் செபிக்க வைப்பதில்லை.

நிலக்கிழாரை ஐயத்தோடு நோக்கும் வாசிப்பும் உண்டு. அமெரிக்க விவிலிய ஆய்வாளர் வில்லியம் ஹெர்சோக் 1994-இல் வெளியிட்ட நூலில், இந்த நிலக்கிழாரைக் கடவுளின் உருவகமாகக் கொள்வதே தவறு என்றும், ஏழைகளின் பேரம்பேசும் ஆற்றலின்மையைப் பயன்படுத்தி அவர்களைப் பிரித்தாளும் செல்வரையே இயேசு அம்பலப்படுத்துகிறார் என்றும் வாதிட்டார். வேலையற்றவர்களைப் பார்த்து ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்பதிலுள்ள கூர்மை, முறுமுறுத்தவர்களில் ஒருவரை மட்டும் தனியே பிடித்துப் பேசுவது, தன் உடைமையைத் தன் விருப்பப்படி செய்யும் உரிமையை முழங்குவது ஆகியவை இவ்வாசிப்பில் புதிய வெளிச்சம் பெறுகின்றன என்பதை மறுக்க முடியாது. ஆயினும் கதையின் மையச் செயலை இது விளக்கத் தவறுகிறது. தொகை பேசாமல் வேலைக்கு வந்த, எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் நிலையிலிருந்த ஆட்களுக்கு ஆதாயம் பார்க்கும் முதலாளி முழுநாள் கூலி கொடுக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. காரியக்காரர் ஒருவர் இருந்தும் நிலக்கிழார் ஐந்து முறை தாமே சந்தைவெளிக்குப் போவதும், ஒரு மணி நேர வேலைக்காக ஆள் தேடுவதும் பண்ணை மேலாண்மையின் கணக்குக்குப் பொருந்தாத விசித்திரங்கள். பழம் பறிக்கும் பருவத்தில், மழைக்கு முன் வேலையை முடிக்கும் அவசரம் இது என்று ஜெர்மானிய அறிஞர் யோவாகிம் எரேமியாசு விளக்கினார். வேலையின் தன்மையைப் பற்றியோ பருவத்தைப் பற்றியோ உவமை வாய் திறக்காததால் அவ்விளக்கமும் ஊகத்தின் அளவிலேயே நிற்கிறது. கதை சொல்பவருக்குத் தோட்டத்தின் தேவையில் அக்கறை இல்லை. சந்தைவெளியில் எஞ்சி நிற்போரின் மீதே அவருடைய கண் இருக்கிறது.

எரேமியாசின் மற்றொரு ஒப்பீடு இதைவிடப் பெரிய தாக்கத்தை ஏற்படுத்தியது. அதைவிடப் பெரிய தீங்கையும் செய்தது எனலாம். எருசலேம் தால்மூது என்னும் யூதச் சட்டத்தொகுப்பில், இருபத்தெட்டு வயதில் இறந்த ரபி பூன் என்ற இளம் அறிஞரின் இறுதிச்சடங்கில் ரபி செயிரா கூறியதாக ஓர் உவமை உண்டு. அரசன் ஒருவன் பல வேலையாட்களை அமர்த்தி, அவர்களுள் மிகத் திறமையான ஒருவனை இரண்டு மணி நேரத்துக்குப்பின் தன்னோடு உலாவ அழைத்துக்கொண்டு, மாலையில் அவனுக்கும் முழுக்கூலி தர, மற்றவர்கள் முறையிட, நீங்கள் நாள் முழுதும் செய்யாததை இவன் இரண்டு மணியில் செய்துவிட்டான் என்று அரசன் விடையளிக்கிறான். எரேமியாசு இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்து, யூதம் தகுதியைப் பேசுகிறது, நற்செய்தி அருளைப் பேசுகிறது என்று முடிவுகட்டினார். இளவயதில் போனவரைப் பற்றி அழுதுகொண்டிருக்கும் குடும்பத்தாரிடம் சொல்லப்பட்ட இரங்கலுரையை ஒரு சமயத்தின் இறையியல் முழுமைக்கும் அளவுகோலாக்குவது ஆய்வு நெறியாகாது. திருப்பாடல்களுக்கான யூத விளக்கவுரையிலேயே, நன்றாக உழைத்தவர்களுக்குக் கூலி தருவதில் அரசனுக்கு என்ன புகழ், சோம்பேறிகளுக்கும் முழுக்கூலி தரும்போதல்லவா அவன் புகழுக்குரியவன் என்ற கருத்தமைந்த உவமையும் காணப்படுகிறது. முறுமுறுப்போரை யூதர்கள் என்றும் கடைசியில் வந்தோரைக் கிறிஸ்தவர்கள் என்றும் அடையாளப்படுத்தும் பிரசங்கங்கள் உவமையைத் தலைகீழாக்கிவிடுகின்றன. ஏனெனில் பிறரைவிடத் தாம் மேலானவர் என்ற உணர்வோடு அதைக் கேட்டு எழுந்து போகிறவர் விடியற்காலை ஆட்களின் வரிசையிலேயே போய் நிற்கிறார்.

மத்தேயு இதை வைத்த இடமும் அந்த ஆபத்தைச் சுட்டுகிறது. சற்று முன்னர், தன் செல்வத்தை விட மனமில்லாத இளைஞன் துயரத்தோடு திரும்பிப் போனதும், எல்லாவற்றையும் விட்டுவந்த எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்கிறார். சற்றுப் பின்னர், செபதேயுவின் மனைவி தன் இரு மகன்களுக்கும் இயேசுவின் வலமும் இடமும் இருக்கை வேண்டுகிறார். சீடர்களின் இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் உவமை நிற்பதால், அதன் முதல் இலக்கு இயேசுவின் எதிராளிகளைவிட அவருடைய மூத்த சீடர்களே என்பது தெளிவாகிறது. முதலானோர் கடைசியாவர் என்ற முத்தாய்ப்பு வசனம் கூலி கொடுத்த வரிசைக்கு மட்டுமே பொருந்துகிறது, எல்லோரும் சமமாகப் பெற்ற கதைக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. அதனால் அது மத்தேயு சேர்த்த சட்டகம் என்று அறிஞர் பலர் கொள்வர். அழைக்கப்பட்டோர் பலர், தெரிந்துகொள்ளப்பட்டோர் சிலர் என்ற கருத்தில் சில பதிப்புகளில் அதைத் தொடரும் வரியோ, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப்படிகளில் இல்லவே இல்லை. எல்லோருக்கும் கூலி கொடுத்து முடித்த கதையின் முடிவில் தேர்வும் தள்ளுபடியும் வந்து ஒட்டிக்கொண்டது, படியெடுத்தவர்களுக்குக்கூட இந்தச் சமத்துவம் எவ்வளவு ஏற்கக் கடினமாயிருந்தது என்பதற்கு ஒரு தடயமாகலாம்.

தொடக்ககாலத் திருச்சபையின் ஆசிரியர்கள், ஒவ்வொரு கூறுக்கும் ஒரு மறைபொருள் காணும் உருவக முறையில் இந்த மணிகளை விளக்கினர். இரண்டாம் நூற்றாண்டின் இரனேயு அவற்றை மீட்பு வரலாற்றின் காலங்களாகவும், மூன்றாம் நூற்றாண்டின் ஒரிகன் தனிமனித வாழ்வின் பருவங்களாகவும் கண்டனர். ஆறாம் நூற்றாண்டின் திருத்தந்தை பெரிய கிரகோரி இரண்டையும் ஒரே மறையுரையில் இணைத்தார். அகுஸ்தீன் தம் உரையில் நடைமுறை அறிவோடு ஓர் எச்சரிக்கை செய்கிறார்: கடைசி மணியில் வருபவருக்கும் கூலி உறுதிதான், ஆனால் அந்த மணிவரை உயிரோடிருப்பார் என்று யாரும் உறுதி தரவில்லை. உவமையின் ஒவ்வொரு சொல்லையும் பிழியாமல் அது எதற்காகச் சொல்லப்பட்டது என்று மட்டும் பார்க்க வேண்டும் என்ற கிறிசோஸ்தோமின் அறிவுரை, 1888-இல் ஜெர்மனியின் அடோல்ஃப் யூலிகர் உருவக முறையைத் தகர்த்து எழுதியதற்குப் பதினைந்து நூற்றாண்டுகள் முந்தியது. கிறிசோஸ்தோமின் பெயரால் வழங்கும் குறுகிய உயிர்ப்புப் பெருவிழா உரை இன்றும் மரபுவழித் திருச்சபைகளில் அவ்விழா இரவில் வாசிக்கப்படுகிறது. நாற்பது நாள் நோன்பிருந்தவரையும் நோன்பே இராதவரையும் அது ஒரே விருந்துக்கு அழைக்கிறது. உவமையை ஒரு சபை ஆண்டுதோறும் செயலாக நிகழ்த்திக் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. நோன்பைக் கடைசிவரை காத்தவர்கள் நோன்பை விட்டவர்களோடு ஒரே இரவில், ஒரே மேசையில் அமர வேண்டியிருக்கிறது.

ஆனால் ஆண்டில் ஓர் இரவு சமமாக அமர்வது வேறு, ஆண்டு முழுதும் ஒரே கூரையின்கீழ் வாழ்வது வேறு. இந்தச் சிக்கலை ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் துறவு மடங்களுக்காக எழுதப்பட்ட பெனடிக்டின் ஒழுங்குநூல் வியக்கத்தக்க நுணுக்கத்தோடு கையாள்கிறது. எழுபத்து மூன்று அதிகாரங்கள் கொண்ட அந்நூல், மடத்தில் மூப்பு வரிசையை ஒருவர் வந்துசேர்ந்த நேரத்தைக் கொண்டே வகுக்கிறது. நாளின் இரண்டாம் மணியில் வந்தவர், வயதும் பதவியும் எதுவாயினும், முதல் மணியில் வந்தவருக்கு இளையவர். கேட்பதற்கு இது உவமைக்கு நேர்மாறாகத் தோன்றும். எனினும் உணவு, உடை போன்ற பொருள்களைப் பகிர்வதில் இந்த மூப்பு செல்லாது. திருத்தூதர் பணிகள் நூல் காட்டும் எருசலேம் சபையின் வழக்கப்படி, ஒவ்வொருவருக்கும் அவரவர் தேவைக்கேற்பத் தரப்பட வேண்டும். குறைவாகத் தேவைப்படுபவர் வருந்தாமல் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும், மிகுதியாகத் தேவைப்படுபவர் தம் பலவீனத்தை எண்ணித் தாழ்மை கொள்ள வேண்டும், எக்காரணத்தாலும் முறுமுறுப்பு தலைகாட்டக் கூடாது. வந்த நேரம் இருக்கையை முடிவு செய்யட்டும், தட்டை முடிவு செய்ய வேண்டாம் என்ற இந்தப் பகுப்பில், உவமை திறந்து விட்டுப்போன கேள்விக்கு நிறுவன வடிவில் ஒரு விடை கிடைக்கிறது.

முறுமுறுப்பைப் பெனடிக்டு துறவு வாழ்வின் பெருந்தீமைகளுள் ஒன்றாகக் கருதியவர். ஆனால் உணவு வேளைகளைப் பற்றிய நாற்பத்தோராம் அதிகாரத்தில், வயல்வேலை இருந்தாலோ கோடை வெயில் கடுமையாக இருந்தாலோ நோன்பைத் தளர்த்தி நண்பகலிலேயே உணவளிக்க மடத்தலைவருக்கு இடம்தரும் அவர், சகோதரர்கள் நியாயமான முறுமுறுப்புக்கு இடமின்றித் தங்கள் பணியைச் செய்யும்படி தலைவர் எல்லாவற்றையும் ஒழுங்குசெய்ய வேண்டும் என்கிறார். நியாயமான முறுமுறுப்பு என ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அதைத் தவிர்க்கும் பொறுப்பை முறுமுறுப்பவரிடமிருந்து தலைவரிடம் மாற்றிவிடும் இந்தச் சிறு சொற்றொடர், உவமையை வாசித்தவர்களின் கூட்டத்தில் பெனடிக்டைத் தனித்துக் காட்டுகிறது. வெயிலில் வதங்கியதாக உவமையில் முறையிட்டவர்களுக்கு நிலக்கிழார் அந்த வெயிலைப் பற்றி ஒரு சொல்லும் மறுமொழி கூறவில்லை. மடத்தின் சட்டம் அந்த வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

நவீன காலத்தில் உவமையின் இரண்டு வரிகள் அரசியல் பொருளாதாரத்துக்குள் இழுக்கப்பட்டன. பேசிய கூலிக்குத்தானே ஒப்புக்கொண்டாய் என்பதையும், என் பணத்தை என் விருப்பப்படி செலவிட எனக்கு உரிமை இல்லையா என்பதையும் தனியே பெயர்த்தெடுத்தால், கட்டுப்பாடற்ற ஒப்பந்த உரிமைக்கும் தனிச்சொத்துக்கும் மறைநூல் ஆதாரம் கிடைத்ததுபோல் ஆகிவிடும். குறைத்துக் கொடுப்பவர் வாயில் இச்சொற்கள் வரும்போது அவை பொருள் மாறிவிடுகின்றன. உவமையில் அவற்றைச் சொல்பவர் கூட்டிக் கொடுத்துவிட்டுச் சொல்கிறார். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் தொழிலாளர் நிலை குறித்து வெளியிட்ட ரேரும் நோவாரும் என்னும் சுற்றுமடலில், இருதரப்பும் ஒப்புக்கொண்டதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது, சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்கும் அளவுக்கு அது இருக்க வேண்டும் என்பது எல்லா ஒப்பந்தத்துக்கும் முந்திய இயற்கை நீதி என்றும், தேவையாலோ அச்சத்தாலோ அதற்குக் குறைவாக ஏற்கும் தொழிலாளி வன்முறைக்கு ஆளானவரே என்றும் வரையறுத்தார். நிலக்கிழார் தெனாரியத்தை உடைத்துப் பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுக்காததன் உட்பொருளை இம்மடல் சட்டமொழியில் சொல்கிறது எனலாம்.

அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, உவமையின் சொற்களைத் தலைப்பாகக் கொண்டு ஓர் ஆங்கிலக் கலை விமர்சகர் பொருளியலோடு மோதியிருந்தார். ஜான் ரஸ்கின் 1860-இல் கார்ன்ஹில் இதழில் எழுதிய நான்கு கட்டுரைகள், வாசகர்களின் கடும் எதிர்ப்பால் அத்துடன் நிறுத்தப்பட்டு, 1862-இல் அன்டு திஸ் லாஸ்ட் என்ற நூலாயின. கடைசியில் வந்த இவருக்கும் கொடுப்பேன் என்ற நிலக்கிழாரின் கூற்றிலிருந்து பிறந்த தலைப்பு அது. ஆயினும் ரஸ்கினின் தீர்வு உவமையிலிருந்து ஓரிடத்தில் விலகுகிறது என்பதை அவரைப் போற்றுவோர் பொதுவாகக் குறிப்பிடுவதில்லை. ஒரு தொழிலில் எல்லோருக்கும் ஒரே கூலி விகிதம் வேண்டும் என்று கேட்ட அவர், அந்த விகிதத்தில் நல்ல தொழிலாளிக்கு வேலை கொடுத்து, மோசமான தொழிலாளியை வேலையின்றி விடுவதே இயற்கையான ஒழுங்கு என்றும் எழுதினார். நிலக்கிழாரோ யாரும் அழைக்காதவர்களைத் தேடிப் போனவர்; அவர்கள் ஏன் அழைக்கப்படவில்லை, கிழவர்களா, நோயாளிகளா, வேலைக்கு உதவாதவர்களா என்பதை அவர் கேட்கவில்லை.

அந்நூலை 1904-இல் ஜோகானஸ்பர்க்கிலிருந்து டர்பன் செல்லும் ரயிலில் படிக்கும்படி காந்தியிடம் கொடுத்தவர் ஹென்றி போலக். காந்தி அதிலிருந்து எடுத்துக்கொண்டது ரஸ்கினைவிட உவமைக்கு அருகில் நிற்கிறது: தனிமனிதரின் நன்மை எல்லோரின் நன்மையில் அடங்கியுள்ளது, வழக்கறிஞரின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே, உழைப்பாளியின் வாழ்வே வாழத்தக்கது. பின்னர் 1908-இல் அந்நூலின் சாரத்தைக் குஜராத்தியில் எழுதியபோது அதற்கு அவர் இட்ட பெயர் சர்வோதயம். படித்த சில நாள்களிலேயே, ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், இந்தி ஆகிய நான்கு மொழிகளில் அப்போது வெளிவந்துகொண்டிருந்த இந்தியன் ஒப்பீனியன் இதழின் அச்சகத்தை டர்பனுக்கு அருகே ஒரு பண்ணைக்கு மாற்றுவதென்றும், நிறமோ நாடோ பாராமல் அங்கு ஒவ்வொருவருக்கும் மாதம் 3 பவுண்டு தருவதென்றும் திட்டமிடப்பட்டது. அப்பண்ணையே ஃபீனிக்ஸ் குடியிருப்பாயிற்று. அச்சகத்தில் பத்துக்கு மேற்பட்ட பணியாளர்கள் இருந்தனர். எல்லோரும் வெறும் பிழைப்பூதியத்துக்கு இசைவார்களா என்ற ஐயம் இருந்ததால், விரும்பாதவர்கள் தங்கள் பழைய சம்பளத்தையே பெற்றுக்கொண்டு, முடிந்தபோது குடியிருப்பில் சேரலாம் என்று காந்தி முடிவு செய்தார். இதழைத் தொடங்குவதில் முதன்மையாக நின்ற மதன்ஜித்துக்கு இத்திட்டம் மடமையாகப் பட்டது. அச்சகத்தின் இயந்திரப் பணியாளர் கோவிந்தசாமி ஏற்றுக்கொண்டார். மற்றவர்கள் அச்சகம் போகும் இடத்துக்கு வர மட்டுமே இசைந்தனர். இவ்வாறு, சம கூலி என்னும் கொள்கை மீது எழுந்த அந்தக் குடியிருப்பின் அச்சுக்கூடத்தில், தொடக்கத்திலிருந்தே இருவகை ஊதியங்கள் அருகருகே இருந்து வந்தன.